தகர டப்பாவில் வெந்த செயின்

பெங்களூரில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த வீடுகளில் ஒரு டால்டா டப்பா மட்டும் சமையலறைக்குத் திரும்பவே திரும்பாது. அதன் அடியில் கறுத்த கிரீஸ் உறைந்து கிடக்கும். மழைக்காலம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புழக்கடையில் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்து, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம் ஏற்றி, தண்ணீருக்குள் அந்த டப்பாவை இறக்குவார்கள். கிரீஸ் இளகி எண்ணெயாக ஓடும் பதம் வந்ததும் செயினைச் சுருட்டி உள்ளே விடுவார்கள். முந்தின நாளே மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் உலர்த்திய செயின் அது. மெல்ல மெல்லக் குமிழிகள் எழும். அவை நிற்கும்வரை காத்திருப்பதுதான் வேலை.

அந்தக் குமிழிகளில்தான் விஷயமே இருக்கிறது. செயின் தேய்வது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கும் வெளியே உருளும் ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசும் மயிரிழை இடைவெளியில்தான் தேய்மானம். “செயின் நீண்டுபோச்சு” என்று மெக்கானிக் சொல்லும்போது இரும்பு இழுபட்டு நீளவில்லை. நூறு கண்ணியிலும் பின் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து, அந்தத் தேய்மானம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. மேலே பூசிய கிரீஸ் அந்த இடைவெளிக்குள் நுழையாது. சூட்டில் நீராய் இளகிய கிரீஸ் நுழையும்; உள்ளே இருந்த காற்று குமிழியாக வெளியேறும்; ஆறியதும் கிரீஸ் அங்கேயே இறுகி நின்றுவிடும். பாமர வைத்தியம் போலத் தோன்றும் இந்த முறை, உண்மையில் நோயின் வேருக்கே மருந்து கொண்டுபோன பொறியியல்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கையேடுகளே இதைத்தான் சொல்லின. செயினைக் கழற்று, கழுவு, உருக்கிய கிராஃபைட் கிரீஸில் முக்கு, தொங்கவிட்டு வடியவிடு. இங்கிலாந்தில் லிங்க்லைஃப் என்ற பெயரில் ஒரு தட்டையான டப்பா விற்றது. செயினை அதற்குள்ளேயே சுருட்டி வைத்து, டப்பாவோடு அடுப்பில் ஏற்றிவிடலாம். நம் ஊரில் டால்டா டப்பா அந்த வேலையைச் செய்தது.

இந்த வகைச் செயினின் வரலாறும் இங்கிலாந்தில்தான் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் புஷ் ரோலர் செயினை உருவாக்கினார். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் அதன்மேல் ஏறித்தான் ஓடின. 1960-இல் சென்னையில் தொடங்கிய டிஐ டைமண்ட் செயின் நிறுவனத்துக்குக் கூட்டாளி, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் இருந்த டைமண்ட் செயின். 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் புரொப்பெல்லர்களைச் சுழற்றியதும் அதே இண்டியானாபோலிஸ் நிறுவனத்தின் செயின்தான். கோயம்புத்தூரில் எல்.ஜி. பாலகிருஷ்ணன் குழுமத்தின் ரோலான் செயினும் வந்து சேர, தென்னிந்தியச் சாலைகளில் ஓடிய வண்டிகளுக்குச் செயின் பக்கத்து ஊரிலிருந்தே கிடைத்தது.

பழைய புல்லட்டில் இரண்டு செயின் உண்டு. இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின், அலுமினிய உறைக்குள் எண்ணெயில் குளித்தபடி ராஜபோகமாக வாழும். பின் சக்கரத்துக்குப் போகும் செயினோ வெறும் தகடு ஒன்றின் நிழலில், புழுதியும் சேறும் தின்று பிழைக்க வேண்டும். கோலாருக்கோ ஓசூருக்கோ ஒருமுறை போய்வந்தால் அதன்மேல் செம்மண் பூச்சு ஏறியிருக்கும். கிரீஸோடு கலந்த மண் உப்புத்தாளுக்குச் சமம். அதனால்தான் விவரம் தெரிந்த பழைய ஆட்கள் வெளியே கிரீஸ் அப்புவதை வெறுத்தார்கள். டப்பாவிலிருந்து எடுத்த செயினை ஆணியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் காட்டன் வேஸ்ட்டால் வெளிப்பக்கத்தை அழுந்தத் துடைத்த பிறகுதான் மாட்டுவார்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது.

எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளையும் சிவாஜி நகர், அல்சூர் பக்கத்துப் பட்டறைகளையும் சுற்றி, தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து பேசிய உலகத்தில் குறுக்குவழி ஒன்றும் இருந்தது. கார் இன்ஜினிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலை எண்ணெய்க் கேனில் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே செயின்மேல் சொட்டவிடுவது. காசு செலவில்லை, ஆனால் அந்த எண்ணெயில் கரியும் இரும்புத்துகளும் இருக்கும். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் 90 நம்பர் கியர் ஆயில் வாங்கினார்கள்.

மைசூரின் ஐடியல் ஜாவா வேறு விடை வைத்திருந்தது. 1961-இல் அங்கே தயாராகத் தொடங்கிய ஜாவாவில் பின் செயின் முழுக்க உறைக்குள் மூடியே இருந்தது. மழையும் மண்ணும் அண்டாத செயினுக்கு அடிக்கடி அடுப்பு தேவைப்படவில்லை. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-உம் மூடிய செயின் உறையோடுதான் வந்தது. பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடலாம் என்பது அந்த வண்டியின் விளம்பரம். அலுவலகம் போய்வருவோருக்குச் செயின் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

டப்பா வைத்தியத்தை உண்மையில் முடித்துவைத்தது ஒரு சின்ன ரப்பர் வளையம். ஓ-ரிங் செயினில் ஆலையிலேயே கிரீஸை உள்ளே அடைத்து, ஒவ்வொரு கண்ணியின் பக்கத் தகடுகளுக்கு நடுவே வளையம் வைத்து மூடிவிடுகிறார்கள். வெளிநாடுகளில் 1970-களிலேயே வந்த இது, இங்கே 2007-இன் பஜாஜ் பல்சர் 200 போன்ற வண்டிகளோடு பரவியது. இந்தச் செயினை அடுப்பில் ஏற்றினால் வளையம் கெட்டு, உள்ளே இருக்கும் கிரீஸும் வெளியேறிவிடும். கிரீஸும் மாறிவிட்டது. சுண்ணாம்புச் சோப்பில் செய்த பழைய கிரீஸ் கொதிநீர்ச் சூட்டிலேயே இளகும். இன்றைய லித்தியம் கிரீஸ் அந்தச் சூட்டில் அசையாது.

போனது அந்த முறை மட்டும் இல்லை. செயினைக் கழற்றியவருக்கு அதன் உடல்நிலை கையிலேயே தெரிந்தது. பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் விறைப்பாக நிற்கும் செயின் நல்லது. வில்லாய் வளைந்து தொங்கினால் ஆயுள் முடிந்தது. இறுகிப்போன கண்ணி எது, விரிந்த ரோலர் எது என்று விரல் தேடிக் கண்டுபிடித்தது. மறுபடி மாட்டும்போது, இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்று அப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மாற்றிப் போட்டால் நடுரோட்டில் செயின் கழன்று விழலாம். இவை எல்லாம் இன்று செயினில் எண்ணெய் அடிக்கும் ஸ்ப்ரே கேன் கற்றுக்கொடுக்காத பாடங்கள். அவற்றின் இழப்பு வருந்தத்தக்கதுதான்.

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு ஜாவா தினம். அன்று பெங்களூரில் பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகள் இன்றும் வரிசையாகக் கூடுகின்றன. டப்பாவில் வேகவைக்கக்கூடிய, வளையம் இல்லாத சாதாரணச் செயின் ஓடும் வண்டிகள் அவை. புதிய ஓ-ரிங் செயின் மாட்டிய வண்டிகளின் கையேடுகளும் ரோலரும் வளையமும் காயாமல் இருக்கத் தடவச் சொல்வது பல சமயம் கெட்டியான கியர் ஆயிலைத்தான். ஜே.சி. ரோட்டில் 90 நம்பர் கேட்டால் கடைக்காரர் இன்றைக்கும் எடுத்துத் தருவார்.