பூசா திராட்சை இரகங்கள்

தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இனக்கலப்பு மூலம் உருவாக்கிய திராட்சை இரகங்கள். பெயருக்கு முன்னால் ‘பூசா’ என்ற அடைமொழி வரும்.

இந்நிறுவனம் 1905-இல் பீகாரில் பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ், வைசிராய் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடை இதற்குக் கைகொடுத்தது. 1934 ஜனவரி 15-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்ததால் 1936-இல் நிறுவனம் தில்லிக்கு இடம்பெயர்ந்தது. ஊர்ப்பெயரும் கூடவே வந்துவிட்டது.

தில்லித் திராட்சைக்கு எதிரி பருவமழை. குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும். ஜனவரியில் கவாத்து செய்தால் மார்ச் வாக்கில் துளிர்க்கும்; ஆண்டுக்கு ஒரே காய்ப்பு. ஜூன் கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும். பழுக்கும் தறுவாயில் நனைந்த பழம் வெடித்து அழுகும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறைகூட அறுக்கிறார்கள். ஒரு வெள்ளாமை போனால் அடுத்தது உண்டு. வடக்கே அதற்கு வழியில்லை. ஆகவே சீக்கிரம் பழுப்பதே இங்கு முதல் தகுதி, இனிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான். கலிபோர்னியாவில் ஹெரால்டு ஓல்மோ உருவாக்கி 1946-இல் வெளியான ‘பெர்லெட்’ இந்தத் தகுதியால் பஞ்சாப், அரியானா வட்டாரத்தில் பரவியது. ஆனால் அதன் குலை மிக நெருக்கமானது. பிஞ்சுகளைக் கலைத்துவிட ஆள்கூலி ஆகும். வளராத பொடிக்காய்களும் குலையிலேயே தங்கிவிடும்.

கலப்புச் செய்வது கண்ணையும் கையையும் சோதிக்கும் வேலை. திராட்சைப் பூ சில மில்லிமீட்டரே இருக்கும். இதழ்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு தொப்பிபோல் மூடியிருக்கும். அது தானே கழன்று விழுவதற்கு முன்பே இடுக்கியால் அதை மகரந்தத்தாள்களோடு அகற்றிப் பை கட்டி, பிறகு வேற்றுக்கொடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒரு குலையில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். கிடைக்கும் விதையிலிருந்து வளரும் கன்று காய்க்கவும் சில ஆண்டுகள் ஆகும்.

விதையில்லாத கொடியைத் தாயாகக் கொள்வதும் எளிதல்ல. தாம்சன் போன்ற விதையில்லா இரகங்களில் கருவுறுதல் நடக்கிறது. கரு பாதியில் அழிந்துவிடுவதால்தான் விதை தென்படுவதில்லை. ஏஜிஎல்11 என்ற மரபணுவின் மாற்றமே இதன் வேர். இது ஓங்கு பண்பாதலால் தந்தை வழியாகவும் பிள்ளைக்கு இறங்கும். பூசாவின் பெற்றோர் தேர்வைப் பார்த்தாலே இந்தக் கணக்கு விளங்கும். ‘ஹூர்’ என்ற இரகத்தைத் தாயாகவும் ‘பியூட்டி சீட்லெஸ்’ இரகத்தைத் தந்தையாகவும் வைத்துப் பிறந்தது பூசா ஊர்வசி: விதையற்ற, நெருக்கமில்லாத குலை, உண்ணவும் உலர்த்தவும் ஏற்றது. பூசா அதிதிக்கு விதையற்ற பெர்லெட் தந்தை. இன்று, அழியவிருக்கும் கருவை முன்கூட்டியே பிரித்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கும் நுட்பம் இருப்பதால் விதையில்லாக் கொடியும் தாயாகலாம்.

1990களில் ஊர்வசியுடன் வெளியான பூசா நவ்ரங் வேறு வகை. இது மேடலின் ஆஞ்ஜெவின், ரூபிரெட் ஆகியவற்றின் கலப்பு. பிரெஞ்சு நாட்டுத் தாயான மேடலின் ஆஞ்ஜெவினின் பூக்களில் பெண்பாகம் மட்டுமே செயல்படும் என்பதால் மகரந்தத்தாள் அகற்றும் தொல்லை கிடையாது. கறுந்திராட்சைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் மட்டும்தான் நிறம். நவ்ரங்கைக் கிள்ளினால் சாறே சிவப்பாக வடியும். ஆந்த்ராக்னோஸ் நோயையும் தாங்கும். சாற்றுக்கும் ஒயினுக்கும் உகந்தது.

பூசா திரிஷார், பூசா ஸ்வர்ணிகா, பூசா பர்ப்பிள் சீட்லெஸ் ஆகியன பின்னர் வந்தவை. இந்த இரகங்கள் தில்லியில் பிறந்தாலும், நாட்டின் திராட்சைச் சாகுபடி பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நடக்கிறது.