ராஜினாமாவும் போக்கியமும்

சின்ன வயதில் 'ராஜினாமா' என்றால் ராஜா போட்டுக்கொண்ட நாமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் "மந்திரி ராஜினாமா" என்றால் பெரிய நெற்றிதான் கண்ணில் வரும் :-)

உண்மையில் அது பாரசீகம் வழியாக வந்த சொல். 'ராஸி' சம்மதம், 'நாமா' பத்திரம். வழக்காடிய இருவரும் சமாதானமாகி எழுதிக்கொடுப்பதுதான் அந்தக்கால ராஜினாமா. பம்பாய் மாகாணத்தில் குடியானவர் "இந்த நிலம் எனக்கு வேண்டாம்" என்று சர்க்காருக்கு எழுதிக்கொடுப்பதற்கும் அதே பெயர். இன்று நாம் விடுவது வேலையை. பழைய பொருளும் சாகவில்லை, "கேஸ் ராஜியாப் போச்சு" என்கிறோமே! இங்கே கன்னடத்திலும் ராஜி என்றால் சமரசம்தான்.

கோர்ட்டுகளிலிருந்து பாரசீகத்தை விலக்கக் கம்பெனி சர்க்கார் 1837-இல் சட்டம் போட்டது. மொழி போனது, சொற்கள் போகவில்லை. ஜாமீன், ஜப்தி, வாய்தா, வாரிசு எல்லாம் அப்படித் தங்கியவை. கன்னடக்காரர் 'ஹாஜர்' என்பார், நாம் ஹ-வை விழுங்கி 'ஆஜர்' ஆகிவிட்டோம்.

இதுவரை சிரிக்கலாம். சில மாதம் முன்பு நம்மூர் அம்மா ஒருவர் வங்கிக்கு வந்தார். "வீட்டைப் பாக்கியத்துக்கு எடுத்திருக்கோம் சார், கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க." அவர் சொன்னது போக்கியம். 'அனுபவிக்கத் தக்கது' என்ற வடசொல். பணம் கொடுத்து, வட்டிக்குப் பதில் வீட்டில் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப்பணத்தையும் வாங்குவது.

1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தில் 58-ஆம் பிரிவு இதை ஒருவகை அடமானம் என்கிறது. தொகை 100 ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்யவேண்டும் (பிரிவு 59). பெங்களூரில் இதற்குப் பெயர் 'லீசு'. அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்லும் லீசோ வாடகை சம்பந்தப்பட்டது. பெயர் மாறியதில் அடமானம் என்ற நினைப்பே போய்விட்டது. அந்த அம்மாவிடம் இருந்தது பதிவு செய்யாத 11 மாத வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் அதற்கு முன்பே வேறொரு வங்கியில் வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருந்தார். 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டப்படி அந்த வங்கி வந்துவிட்டது. நல்ல வக்கீலைப் பாருங்கள் என்பதைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

லீசுக்குப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் வில்லங்கம் பாருங்கள். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் வராமலும் போகலாம். அதனால் ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், செர்சாய் பதிவேட்டிலும் தேடுங்கள். வீட்டுக்காரர் தயங்கினால் வேறு வீடு பாருங்கள்.

போக்கியம் பாக்கியமாவது பத்திரத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.