எல்.எம்.பி.: மூன்று எழுத்துகளுக்குப் பின்னால்

நம் வயதுக்காரர்களுக்கு எல்.எம்.பி. டாக்டர் என்றால் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. வத்தலக்குண்டு, பெரியகுளம், பழனி என்று மலையடிவார ஊர் எதுவானாலும், கடைத்தெருவை ஒட்டிய ஒரு திண்ணை வீட்டில் பலகை தொங்கும். பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்று மூன்று எழுத்து. உள்ளே மேஜை மேல் கலர் கலராக மிக்ஸ்சர் பாட்டில்கள். வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகப் பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம். மலையிலிருந்து காபிக்கொட்டையும் வாழைக்காயும் இறக்க வந்தவர்கள், திரும்பும்போது அந்தப் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு ஏறுவார்கள்.

அந்த எழுத்துகளுக்கு 'லைசென்ஸ்டு மெடிக்கல் பிராக்டிஷனர்' என்று விரிவு. பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. மருத்துவப் பள்ளியில் படித்து, அரசு நடத்தும் தேர்வில் தேறி வாங்கும் பட்டயம். பட்டம் பெற்றவர்கள் எம்.பி.பி.எஸ்.; அவர்களுக்கு ஒரு படி கீழே இவர்கள் என்று அன்றைய கணக்கு. ஆனால் ஊருக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். சுதந்திரத்துக்கு முன் நாட்டின் மருத்துவ நிலையை ஆராய்ந்த போர் குழு 1946-இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி அப்போது நாட்டில் பதிவு செய்திருந்த மருத்துவர்கள் ஏறத்தாழ 47,500 பேர். அவர்களில் 30,000 பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பட்டயக்காரர்கள். அதாவது ஐந்தில் மூன்று பேர்.

டாக்டரான பிறகு அவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். மாணவராக இருந்தபோது என்ன பாடுபட்டார்கள்? நான் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவன். மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் போஸ்டிங்கில் வரும் இளம் டாக்டர்கள், இரவில் மின்சாரம் போய்விட்டால் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் முதல் வருஷப் படிப்பில்தான் போய் முடியும். பிணத்தை அறுத்துப் படிக்கும் கூடத்தின் நெடி, தலையணை கனத்துக்கு இங்கிலீஷ் புத்தகம், ஹாஸ்டல் சாப்பாடு, வாய்மொழித் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டது, வீட்டில் வாங்கிய கடன். பத்து இருபது வருஷம் கழித்து வந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். இந்தக் கவலைகள் நூறு வருஷத்துக்கு முன் எப்படி இருந்தன என்று பார்க்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. அது வேலூரில் நடந்தது என்றாலும் நம் கொடைக்கானலுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா இருவருமே மிஷனரி டாக்டர்கள். இளம் வயதில் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்கும்படி அழைத்தார்கள். டாக்டரான தந்தை வருவதாகச் சொல்லியும், ஆண் டாக்டர் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இது பலரும் அறிந்த கதை. அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். பெண்களைச் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் அங்கும் அன்று குறைவு. பிலடெல்பியாவில் பெண்களுக்கான கல்லூரியில் படிப்பைத் தொடங்கி, கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களுக்குக் கதவு திறந்தவுடன் அங்கே மாறி, 1899-இல் முடித்தார். 1900-இல் வேலூர் திரும்பினார். 1902-இல் அங்கே 40 படுக்கையுள்ள மருத்துவமனை எழுந்தது.

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அவர் முயன்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஆளும் இல்லை, பணமும் இல்லை. சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறைத் தலைவராக இருந்த பிரைசனுக்கு இதில் நம்பிக்கை இல்லை. பெண்கள் யார் சேரப் போகிறார்கள், ஆறு பேர் கிடைத்தால் நடத்திக்கொள்ளுங்கள் என்ற தோரணையில் அனுமதி கொடுத்ததாக ஐடாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் 151 பேர். இருந்த இடவசதிக்கு இருபது பேரைக்கூடச் சேர்க்க முடியவில்லை. 1918 ஆகஸ்ட் 12 அன்று பள்ளி தொடங்கியது.

அந்த வருஷம் எப்படிப்பட்டது என்பதையும் யோசித்துப் பாருங்கள். அரிசி, துணி எல்லாம் போர்க்கால விலை. பள்ளி தொடங்கிய ஓரிரு மாதத்தில் விஷக்காய்ச்சல் என்று நம் பெரியவர்கள் சொன்ன இன்புளுயென்சா நாடு முழுக்கப் பரவி லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட நாளில், பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பி, அதுவும் பிணத்தை அறுக்கும் படிப்புக்கு அனுப்பிய பெற்றோரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அந்தப் பெண்களின் கவலைகளை நாமே வரிசைப்படுத்திவிடலாம். முதலாவது மொழி. பாடம், புத்தகம், தேர்வு எல்லாம் இங்கிலீஷ். மாகாணத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்களுக்குள் வீட்டு மொழியும் ஒன்றல்ல. இரண்டாவது உடற்கூறு. எலும்பு ஒவ்வொன்றுக்கும் பெயர். அதில் உள்ள மேடு, பள்ளம், துளை ஒவ்வொன்றுக்கும் பெயர். பள்ளி தொடங்கியபோது கையிலிருந்தவை ஒரு மைக்ராஸ்கோப்பும் சில புத்தகங்களும் ஓர் எலும்புக்கூடும்தான் என்பார்கள். அத்தனை பேரும் முறை வைத்துப் பார்க்க வேண்டும், முறை வைத்துப் படிக்க வேண்டும். மூன்றாவது ஊர்ப் பேச்சு. படித்து முடிக்க நான்கு வருஷம். அதற்குள் கல்யாண வயது போய்விடும் என்ற கணக்கு அன்று எல்லா வீட்டிலும் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது தேர்வு. வினாத்தாள் இவர்களுடைய பள்ளியில் தயாராவதில்லை. மாகாணத்து ஆண்கள் மருத்துவப் பள்ளிகளின் மாணவர்களோடு சேர்ந்து, முன்பின் தெரியாத தேர்வாளர்களின் எதிரே நிற்க வேண்டும். ஆண்கள் பள்ளிகளிலேயே நிறையப் பேர் தோற்பார்கள், உங்கள் பெண்களில் ஒருவரும் தேறாவிட்டாலும் மனம் தளர வேண்டாம் என்று பிரைசன் முன்கூட்டியே ஐடாவுக்கு ஆறுதல் சொல்லிவைத்தாராம். முதல் ஆண்டுத் தேர்வுக்குப் போனவர்கள் 14 பேர். ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார்கள் என்றும், இந்த 14 பேரும் ஒருவர் விடாமல் தேறினார்கள் என்றும் அந்த வரலாறு கூறுகிறது. 1922-இல் அந்த முதல் வகுப்பு எல்.எம்.பி. பட்டயத்தோடு வெளியே வந்தது.

இது எப்படி நடந்தது? அந்தப் பெண்கள் அசாதாரண அறிவாளிகள் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனமில்லை. அவர்களுக்குச் சற்று முன்னால் போனவரோடு ஒப்பிட்டால் விஷயம் புரியும். புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அதற்கு முன், ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர மன்னரே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் அவர் உட்காரத் திரை. உடம்பிலோ ஆஸ்துமா. அத்தனையையும் அவர் பெரும்பாலும் தனியாகத் தாங்கினார். அவரைப்போல் தாங்க எல்லோராலும் ஆகாது. அவருக்கும் முன்பு, 1878-இல் அதே சென்னைக் கல்லூரியில் சேர்ந்த கிருபாபாய் நன்றாகப் படித்தும், ஒரு வருஷத்தில் உடல்நலம் கெட்டு மருத்துவப் படிப்பை விட வேண்டியதாயிற்று. பின்னாளில் அவர் நாவலாசிரியராகப் பெயர் பெற்றார் என்பது வேறு கதை.

வேலூரில் இருந்த வித்தியாசம், மாணவி தனியாக இல்லை என்பதுதான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கும் அதே எலும்பு, அதே பயம். பாடம் சொல்லித் தந்த ஐடாவே அந்தப் பயங்களைக் கடந்து வந்த ஒரு பெண். வாரந்தோறும் கிராமங்களுக்கு அவர் வண்டியில் போய் மரத்தடியில் நோயாளிகளைப் பார்க்கும்போது மாணவிகளும் உடன் போனார்கள். காலையில் புத்தகத்தில் படித்த புண்ணை மாலையில் ஒரு குழந்தையின் காலில் பார்த்துக் கட்டுப் போட்டவளுக்கு அந்தப் பாடம் மறக்குமா?

ஆனால் பட்டயம் வாங்கிய பிறகும் கவலை தீரவில்லை. 1930-களின் பிற்பகுதியில் காற்று மாறியது. இனி இரண்டு தர மருத்துவர் வேண்டாம், எல்லாரும் பல்கலைக்கழகப் பட்டமே படிக்க வேண்டும் என்று சென்னை அரசு முடிவெடுத்தது. ராயபுரம் மருத்துவப் பள்ளி 1938-இல் ஸ்டான்லி கல்லூரியாக உயர்ந்தது. அது அரசுப் பள்ளி. வேலூருக்கு அந்த வசதி இல்லை. கூடுதல் படுக்கைகள், கூடுதல் பேராசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் காட்டினால்தான் எம்.பி.பி.எஸ். நடத்த அனுமதி. அதுவரை புதிய மாணவியரைச் சேர்க்க முடியாது.

படித்து முடித்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷம் பிரசவம் பார்த்த கை. ஆனால் நாளை முதல் அந்த மூன்று எழுத்து பழைய சரக்கு. முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. ஏழைக்கு ஒரு தர டாக்டர், வசதியுள்ளவருக்கு ஒரு தர டாக்டர் என்பது நியாயமில்லை. போர் குழுவும் பின்னால் அதையேதான் பரிந்துரைத்தது. ஆனால் பட்டயப் படிப்பு நின்ற பிறகு, சிறிய ஊர்களில் வந்து உட்கார அந்த அளவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதையும் நாம் கண்ணால் பார்த்தோம். கடைத்தெருப் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்த இடத்தில் புதுப் பலகை ஏற வெகுகாலம் ஆயிற்று.

ஐடா அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1941-இல், எழுபது வயதில், மீண்டும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942-இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பொறுப்புகளைவிட்டு விலகிய பின் அவர் தங்கியது நம் கொடைக்கானலில், 'ஹில்டாப்' என்ற வீட்டில். மலைச்சாலை வருவதற்கு முன், அடிவாரத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறி வந்த காலத்திலிருந்தே சமவெளி மிஷனரிகளுக்குக் கோடை என்றால் கொடைக்கானல்தானே. 1960 மே மாதம், தமது 89-வது வயதில், இங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. ஏரியைச் சுற்றி நடப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தப் பழங்கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. 1954-இல் மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்தபோது அதுவே நமக்குப் பெரிய விஷயம். 2004-இல் தேனியில் வந்தது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லிலும் 150 இடங்களோடு வந்துவிட்டது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. மலைக் கிராமத்துப் பிள்ளை டாக்டராவது இன்று நடக்கக்கூடிய காரியம். இடம் கிடைத்த அன்று மாலை போடுகிறோம், தட்டி வைக்கிறோம், படம் பத்திரிகையில் வருகிறது. அதற்கு அடுத்த மாதம் அந்தப் பிள்ளை ஹாஸ்டல் அறையில் ஓர் இங்கிலீஷ் பக்கத்தை நாலு முறை படித்தும் புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது நாம் யாரும் பக்கத்தில் இல்லை. முதல் இன்டர்னல் தேர்வில் மார்க் குறைந்தால், ஊரே மாலை போட்டதாலேயே அதை வீட்டில் சொல்லவும் வெட்கம்.

வேலூர்ப் பெண்கள் தேறியது பயமே இல்லாததால் அல்ல. பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்ததால். இது பணத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை. நம் ஊரிலிருந்து முன்பு படித்துப் போன டாக்டர் ஒருவர் வாரம் ஒரு போன் பண்ணினாலே போதும். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். "மார்க் கிடக்கட்டும், சாப்பிட்டாயா?" என்று கேட்க வீட்டில் ஒரு தாத்தா இருந்தால் இன்னும் நல்லது.

அதோடு இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊரில் எல்.எம்.பி. டாக்டர் இருந்திருந்தால், அவர் பெயர், எந்தத் தெரு, எந்த வருஷம் வரை பார்த்தார், கையில் காசில்லாதவரிடம் என்ன சொன்னார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவம் படிக்கும் பேரனோ பேத்தியோ லீவுக்கு வரும்போது எடுத்துக் கொடுங்கள். தனக்கு முன்னால் இந்தப் பாதையில் யார் நடந்தார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும்.