எண்களுக்குள் எழுத்து: கணினித் தமிழ் ஒரு பொதுத்தரத்தை எட்டிய வரலாறு



நம் தமிழ்ப்பள்ளிகளின் இரும்பு அலமாரிகளைத் திறந்து பார்த்தால் பழைய நெகிழ்வட்டுகளும் குறுவட்டுகளும் இன்னமும் சில கிடைக்கும். தேர்வுத் தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், மாணவர் எழுதிய கட்டுரைகள், மறைந்துவிட்ட தலைமையாசிரியர்களின் உரைகள் எனப் பல ஆண்டு உழைப்பு அவற்றுள் அடங்கியிருக்கிறது. அவற்றை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தெரிவதில்லை. பொருளற்ற குறிகளே வரிவரியாகத் தோன்றும். "கோப்பு கெட்டுவிட்டது" என்று சொல்லிப் பலர் அதை அழித்தும் விடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான கோப்புகள் கெடவில்லை. அவை ஏன் அப்படித் தோன்றுகின்றன என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்பட்டவை. ஆகவே, நாம் அதனை அறிந்திருப்பது கடமை எனக் கருதுகிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது

கணினி அறிந்தது எண் மட்டுமே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணையே அது சேமித்து வைக்கிறது. இதனைக் குறியேற்றம் என்கிறோம். வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் 17ஆம் எண் கண்ணன். அடுத்த வகுப்பில் அதே 17ஆம் எண் மலர்விழி. எந்த வகுப்பின் பதிவேடு என்று சொல்லாமல் "17ஆம் எண் எழுந்திரு" என்றால் யார் எழுவது? கணினிக் கோப்பில் இருப்பவையும் இத்தகைய எண்களே. பதிவேடு மாறினால் கண்ணன் மலர்விழியாகிவிடுவான்.

அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் பதிவேட்டில் மொத்தம் 128 இடங்கள் இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், கணினிக்கான சில கட்டளைகள் ஆகியவற்றுக்கே அவை சரியாக இருந்தன. பின்னர் இடங்கள் 256ஆக விரிந்தபோது மேற்பாதியிலிருந்த 128 இடங்கள் பிற மொழிகளுக்குக் கிடைத்தன. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் வேறு. 128 இடத்தில் 247 எழுத்தை எப்படி உட்கார வைப்பது?

எழுத்துரு செய்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். கொம்பு, கால் முதலியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக்கி அவற்றுக்கு எண் கொடுத்தார்கள். கு, கூ போல வடிவம் மாறுபடும் எழுத்துகளுக்கு மட்டும் முழு இடம் தந்தார்கள். இடப் பற்றாக்குறை ஒருவாறு தீர்ந்தது. ஆனால், எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

தட்டச்சுப் பொறி விட்டுச்சென்ற வழக்கம்

இன்னொரு சிக்கல் அதற்கும் முந்தியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய முன்னோடி. ஆங்கிலப் பொறியில் இருந்த சில பத்து விசைகளுக்குள் நம் எழுத்துகள் அனைத்தையும் அடக்கிய அவருடைய அறிவுத்திறன் வியப்புக்குரியது. அந்தப் பொறியில் "கொ" என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, அடுத்து க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. தாளுக்கு அதுவே போதும்.

அந்த வரிசையைக் கணினி எழுத்துருக்களும் அப்படியே எடுத்துக்கொண்டன. திரையில் பார்க்கும்போது குறையொன்றும் தெரியவில்லை. ஆனால், கணினி வெறும் தாள் அன்று. அது தேடவும் வேண்டும், அகரவரிசைப்படுத்தவும் வேண்டும். கொடி, மொழி, தொழில், சொல் ஆகிய நான்கு சொற்களையும் அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் அந்தக் கணினிக்கு நான்கும் கொம்பில் தொடங்கும் சொற்களே. ககரமும் மகரமும் தகரமும் சகரமும் ஒரே குவியலாகிவிடும். அகராதியைப் புரட்டத் தெரிந்த ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு இருக்கும் அறிவு அந்தக் கோப்புக்கு இல்லை.

ஆளுக்கொரு பதிவேடு

1980களில் தனிக் கணினிகள் பரவத் தொடங்கியதும், அரசோ பெருநிறுவனமோ செய்யட்டும் என்று காத்திராமல் தமிழார்வலர் பலர் தாமே களத்தில் இறங்கினர். கனடாவில் சீனிவாசன் "ஆதமி" செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் "முரசு" செய்தார். அதுவே பின்னர் "முரசு அஞ்சல்" ஆயிற்று. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் "மயிலை" எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி "கணியன்" முறையை உருவாக்கினார். நா. கோவிந்தசாமி நம் இனத்தவர் மட்டுமல்லர், நம் தொழிலினரும் ஆவார். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், சிறுகதை எழுத்தாளர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தபோது, தமிழும் அதில் இடம்பெறப் பாடுபட்டவர் அவர்.

இவர்கள் ஒவ்வொருவரும் செய்தது பெருந்தொண்டு. ஆனால், ஒவ்வொருவரின் பதிவேடும் வேறு வேறு. இதழ்களும் நாளேடுகளும் தமக்கெனத் தனி எழுத்துரு வைத்துக்கொண்டன. ஒரு தளத்தைப் படிக்க வேண்டுமானால் அதன் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த தளத்துக்கு அடுத்த எழுத்துரு.

அந்தக் காலத்தில் நான் பணிபுரிந்த பள்ளியில் தேர்வுத் தாளைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பும்போது, தாளோடு எழுத்துருவையும் அதே நெகிழ்வட்டில் வைத்து அனுப்புவோம். அதை நிறுவத் தெரிந்த ஆசிரியர் அங்கே விடுப்பில் இருந்தால், மறுநாள் அச்சிட்ட தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் நேரில் போவார். அன்று அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எழுத்துரு இல்லாத நெகிழ்வட்டுகள் இன்று ஊமையாகிக் கிடப்பதைக் காணும்போது வேடிக்கையாக இல்லை.

சிங்கையில் தொடங்கிய பேச்சு

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1997 மே மாதம் சிங்கப்பூரில் "தமிழ்நெட் 97" மாநாடு கூடியது. பல நாட்டுத் தமிழ் நுட்பர்கள் ஒன்றாக அமர்ந்து பேசினர். அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் "தமிழ்நெட் 99" நடந்தது. அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாட்டு அரசு "தமிழ் 99" விசைப்பலகையையும், "டாம்", "டாப்" என்னும் இரு குறியேற்றங்களையும் பொதுத்தரமாக அறிவித்தது. நா. கோவிந்தசாமி அவர்களும் அதே 1999ஆம் ஆண்டில்தான் மறைந்தார்.

தமிழ் 99 விசைப்பலகையைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. அதில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே வந்து "க்க" ஆகிவிடும். ங, க என அடுத்தடுத்துத் தட்டினால் "ங்க"; ந, த எனத் தட்டினால் "ந்த". இரட்டிக்கும் மெய்யையும் இன எழுத்தையும் நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா? அந்த இலக்கணம் விசைப்பலகைக்குள் வாழ்கிறது.

ஆனால், குறியேற்றத்தில் ஒற்றுமை முழுமையாக வரவில்லை. மின்னஞ்சல் குழுக்களில் பல நாட்டுத் தமிழர் கூடி உருவாக்கிய "தஸ்கி" என்னும் குறியேற்றமும் டாம், டாப் ஆகியவற்றோடு வழக்கில் இருந்தது. பழைய எழுத்துருக்களையும் பலர் விடவில்லை. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மீண்டும் மாநாடு கூடியது. அவ்வாண்டில் "உத்தமம்" எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001இல் மாநாடு நம் கோலாலம்பூருக்கு வந்தது.

ஒருங்குறியும் அதன்மீதான வழக்கும்

இவற்றுக்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பதிவேடு என்ற நோக்கத்தோடு "யுனிகோடு" எனும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கும் 128 இடம் உண்டு. அதில் "கொ" என்பது க, அதன்பின் ஒகரக்குறி எனப் பேசும் வரிசையிலேயே சேமிக்கப்படும். கொம்புச் சிக்கல் ஒழிந்தது.

எனினும் குறைகள் இல்லாமல் இல்லை. இந்திய அரசின் "இஸ்கி" தரத்தை அடிப்படையாகக் கொண்டதால், தமிழுக்கு இல்லாத வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் வெறுமையாக விடப்பட்டன. க வுக்கும் ங வுக்கும் இடையே மூன்று இடங்கள் காலி. ந வை அடுத்து ன. ர வை அடுத்து ற. ஆகையால் எண்வரிசை நம் அகரவரிசையன்று. அகரவரிசைக்குத் தனி விதி எழுத வேண்டும். நம் இலக்கணப்படி க் என்னும் மெய்யோடு அகர உயிர் சேர்ந்தால் க. ஒருங்குறியிலோ க வே அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால்தான் க். "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து.

எனவே, 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று அறிஞர் பலர் வாதிட்டனர். அதன்படி உருவானது "டேஸ் 16". 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைப் பொதுத்தரமாகவும், ஒருங்குறி இயங்காத இடங்களில் டேஸ் 16ஐ மாற்றாகவும் ஏற்றது.

மென்பொருள் துறையில் பணிபுரியும் என் முன்னாள் மாணவர் ஒருவரிடம் இதுபற்றி ஒருமுறை கருத்துக் கேட்டேன். "ஐயா, எது சிறந்தது என்று கேட்டால் நாங்கள் விடிய விடிய சண்டை போடுவோம். எது எல்லாக் கணினியிலும் இருக்கிறது என்று கேளுங்கள், ஒரே பதில்தான் வரும். மென்பொருள் வரும், போகும். கோப்பு நிற்க வேண்டும்" என்றார். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு ஒருங்குறியின் அமைப்பு இன்றும் முழு நிறைவைத் தரவில்லை. ஆயினும் அவர் கூற்றை மறுக்க இயலவில்லை. குறையுள்ள ஒரு பதிவேட்டை உலகமே ஒப்புக்கொண்டால், அதில் எழுதியது படிக்கப்படும். குறையே இல்லாத பதிவேடு என் கணினியில் மட்டும் இருந்தால், அதில் எழுதியது என்னோடு முடியும்.

வரலாறும் அப்படியே நடந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் ஒருங்குறித் தமிழை உள்ளடக்கி வந்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் வலைப்பதிவர் பெருமளவில் ஒருங்குறிக்கு மாறினர். கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த முத்து நெடுமாறனின் "செல்லினம்" 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. 2013இல் ஐபோன் தமிழ் விசைப்பலகையைத் தன்னுடனேயே கொண்டு வந்தது. இன்று நம் பிள்ளைகள் பாட்டிக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள். எந்த எழுத்துருவையும் இறக்குவதில்லை.

நாம் செய்ய வேண்டியது

இன்று தேடுபொறி ஒருங்குறித் தமிழைத் தேடித் தருகிறது. மொழிபெயர்க்கும் கருவிகளும், பேச்சை எழுத்தாக்கும் கருவிகளும் ஒருங்குறித் தமிழையே கையாளுகின்றன. பழைய எழுத்துருவில் உள்ளவை இவற்றின் கண்ணில் தமிழாகவே படுவதில்லை. ஒரு பள்ளியின் இருபதாண்டு எழுத்து அப்படிக் கிடந்தால், பிற்காலத்தில் அதனைத் தேடுபவருக்கு அந்தப் பள்ளி ஒன்றுமே எழுதவில்லை என்றுதான் தோன்றும்.

மீட்பது இயலாத செயலன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தஸ்கியில் ஏற்றிய நம் இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி வழங்கியது. அதையே சிறிய அளவில் நாமும் செய்யலாம்.

முதலில், பழைய வட்டுகளில் உள்ளவற்றை இன்றைய கணினிக்குப் படியெடுங்கள். வட்டுகளும் நாளடைவில் பழுதாகும். இரண்டாவதாக, கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த எழுத்துரு கிடைத்தால் அதனையும் உடன் வையுங்கள். திறவுகோல் அதுவே. மூன்றாவதாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழாக எண்ணி மாற்றிவிடக்கூடும். ஆகவே, ஒருவர் பொறுமையாக மெய்ப்புப் பார்க்க வேண்டும். மூலக்கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களில் கணினி தெரிந்த பெற்றோர் பலர் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கினால் ஓர் அலமாரியை மீட்டுவிடலாம். அந்த ஆண்டு மலர்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக நான்கு வரி எழுதியவர்கள் இன்று நம் பள்ளி வாயிலில் தம் பிள்ளையை அழைத்துப்போகக் காத்து நிற்கிறார்கள். அந்த நான்கு வரியை அவர்களிடம் எடுத்துக் கொடுங்கள்.