கடல் கடந்தோர் கொடுத்த குடிக்கூலி

புதிய நாட்டில் கால் வைப்பவன் முதற்கண் தேடுவது தலைசாய்க்க ஓரிடத்தையே. கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களின் நிலையும் அதுவாகவே இருந்தது. அன்று அன்சாரிகள் தம் இல்லங்களின் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களே அபூ அய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் தங்கினார்கள். மஸ்ஜிதுந் நபவீ எழுந்த மனை சஹ்ல், சுஹைல் என்னும் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குரியது. அதனை இலவசமாகத் தர முன்வந்தபோதும், விலை கொடுத்தே பெற்றுக்கொண்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வந்தவருக்கு இடம் கொடுப்பது ஊராரின் கடமை. கொண்ட இடத்துக்கு உரியதைக் கொடுப்பது வந்தவரின் கடமை. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சியன்றோ இது!

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் முன்னோரின் வரலாற்றை நோக்குவோம். அவர்கள் ஏறிய கப்பல்கள், விற்ற சரக்குகள், எழுப்பிய பள்ளிவாசல்கள் பற்றி நம்மவர் நிறையவே எழுதியிருக்கின்றனர். ஆனால், அவர்கள் எங்கே உறங்கினார்கள், அதற்கு யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைக் கேட்டவர் சிலரே. குடிக்கூலியின் வரலாறு எளிய செய்தி போலத் தோன்றும். எனினும், சென்றவருள் யார் குடியேறினார், யார் வந்து போனார் என்பதை அதுவே தெளிவாக உரைக்கும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1794-இல் அவர் எழுதிய குறிப்பொன்று, சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 வரையிலான ஆடவர் கப்பலேறி வந்து, வாணிகத்தாலும் கூலிவேலையாலும் சிறிது பொருளீட்டி ஊர் திரும்புவதையும், அவரிடத்துக்கு வேறு சிலர் வருவதையும் கூறுகிறது. இவர்களுட் பலர் சூலியா எனப்பட்ட நம்மவர். 1801-இல் பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதிர் முஹ்யித்தீன் அவர்கள் கப்பித்தானாக நியமனம் பெற, பள்ளிவாசலுக்கு அரசு நிலம் அளித்தது. இன்றும் நிமிர்ந்து நிற்கும் கப்பித்தான் கிளிங் பள்ளி அவ்வாறு தோன்றியதே. அதனை அடுத்திருந்த மலபார் தெருவே பின்னாளில் சூலியா தெருவாயிற்று.

சிங்கப்பூரிலும் இதே வரிசையைக் காண்கிறோம். 1819-இல் நகரம் தோன்றியது. 1822-இல் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் சூலியாக்களுக்கென ஆற்றோரம் ஒரு பகுதி குறிக்கப்பட்டது. 1826-இல் ஜாமிஆ சூலியா பள்ளியும், 1827-இல் அல் அப்ரார் பள்ளியும் தோன்றின. 1828-இல் தொடங்கிய நாகூர் தர்கா 1830-இல் நிறைவெய்தியது. அல் அப்ரார் பள்ளி ஓலைக் குடிசையாகத் தொடங்கியமையால் ‘குச்சுப் பள்ளி’ என்னும் பெயர் பெற்றது. இறையில்லமே குடிசையாக இருந்த காலத்தில் அடியானின் இல்லம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

வந்தோருட் சிலர் மலாய்ப் பெண்டிரை மணந்து அங்கேயே இல்லறம் கண்டனர். அவர்தம் வழியினரே ஜாவி பெரானாக்கன் எனப்பட்டனர். 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாள் அவர்களுடைய பெயரையே தாங்கி நின்றது. மற்றையோர்க்கு வீடு என்பது கடைவீட்டின் மாடியே. கீழே கடை, மேலே பலகைத் தடுப்புகளிட்ட அறைகள், வாசலில் ‘அஞ்சடி’ எனப்பட்ட ஐந்தடித் தாழ்வாரம். ஒருவர் உரிமையாளரிடம் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுப்பார்; அறை அறையாகவும், சில வேளை பாய் விரிக்கும் இடம் இடமாகவும் உள்வாடகைக்கு விடுவார். ஓரூரார் ஒரு மாடியில் கூடுவர். வாடகையைத் தலைக்கு இவ்வளவென்று பங்கிட்டுக் கொள்வர். புதிதாக வந்தவர் வேலை கிடைக்கும்வரை பங்கு கொடாமலே தங்குவதும் உண்டு. அன்சாரிகளின் பண்பு அம்மாடிகளில் வாழ்ந்தது எனலாம். ஆனால், தங்க இடம் கொடுத்தவரே வேலை கொடுத்தவராகவும் கடன் கொடுத்தவராகவும் இருந்துவிட்டால், அக்கொடை தளையாகவும் மாறக்கூடும் என்பதையும் மறைத்தற்கில்லை.

இவ்வாறு சிக்கனம் செய்த பணம் எங்கே சென்றது? ஊருக்கே சென்றது. சபராளி அங்கே ஒரு பாயளவு இடத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, இங்கே முற்றமும் திண்ணையும் உடைய வீட்டைக் கட்டினார். கட்டிய வீட்டில் அவர் வாழ்ந்த காலம் சில மாதங்கள். கட்டாத மாடியில் வாழ்ந்த காலம் பல ஆண்டுகள். அந்த வீட்டில் மனைவி தனித்திருந்து மக்களை வளர்த்தார். இந்த வாடகைக் கணக்கில் அப்பெண்மணிகள் கொடுத்த பங்கு எந்த ஏட்டிலும் வரவு வைக்கப்படவில்லை.

இந்நிலையிலிருந்து வேறுபட்டு நின்றோர் கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள். இவர்களுட் பலர் மனைவி மக்களையும் உடன் அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் சென்று, துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். ஆடவன் ஒருவனுக்குப் பாய் போதும். குடும்பத்துக்குக் கதவுள்ள அறையும், அடுப்பும், தண்ணீரும் வேண்டும். பங்கு வாடகை முழு வாடகையாயிற்று. பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடமும் வேண்டுமன்றோ? 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி அத்தேவையின் விளைவே. சீறாப்புராணம் தந்த புலவர் பெருமானின் பெயரை ஒரு கூடத்துக்குச் சூட்டிய அம்மக்கள், வாடகை வீட்டையும் ஊராக்கிக் கொண்டவர்கள்.

போருக்குப்பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாயிற்று. 1947-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1939-ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. இருந்தவர் பிழைத்தார், ஆனால் புதிதாக வந்தவர் அறைக்குள் நுழையவே ‘தேநீர்ப் பணம்’ எனும் பெயரில் முன்கூட்டி ஒரு தொகை அழ வேண்டியதாயிற்று. வருவாய் உயராத உரிமையாளர் பழுது பார்க்க மனங்கொள்ளவில்லை. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமோ வருகையையே சுருக்கிற்று. குடும்பத்தை அழைப்பதா, ஊர் திரும்புவதா என்னும் வினாவைப் பலரும் அப்போது எதிர்கொண்டனர்.

1960-இல் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் தொடக்ககால அடுக்குமாடிகளில் ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60 என வாடகை வகுக்கப்பட்டது. தொகையைக் காட்டிலும் நோக்கற்பாலது ஒன்றுண்டு: இடைக்குத்தகைக்காரர் நடுவில் இல்லை, வாடகைச் சீட்டு குடும்பத் தலைவரின் பெயரிலேயே வந்தது. 1964-இல் வீடுகளை விலைக்கு வாங்கும் திட்டமும் தொடங்கியது. எனினும் இதற்கும் ஒரு விலை இருந்தது. குடும்பங்கள் தீவெங்கும் பரவின. ஓரூரார் ஒரு தெருவில் வாழ்ந்த வாழ்வு கலைந்தது. உமறுப் புலவர் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது.

பினாங்கில் கதை வேறு வழியில் சென்றது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையைக் காத்து நின்றது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அக்காப்பு நீங்கியது. ஜார்ஜ் டவுனின் பழைய குடித்தனக்காரர் பலர் உயர்ந்த வாடகை கொடுக்க இயலாது வெளியேறினர். 2008-இல் அந்நகர் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தோரில் பலர் அங்கில்லை.

இங்கே நம் சமுதாயம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்றுண்டு. அயல்நாட்டிலாயினும் நம் ஊரிலாயினும், பள்ளிவாசலுக்கும் ஏழைகளுக்குமென முன்னோர் விட்டுச்சென்ற வக்பு வீடுகள் பல வாடகைக்கு விடப்பட்டுள்ளன. வக்புச் சொத்தை உரிய வாடகைக்கு மிகக் குறைவாக விடலாகாது என்பது ஃபிக்ஹு நூலோர் வகுத்த நெறி. வருவாய் குன்றினால் அறம் குன்றும். ஆனால் அவ்வீட்டில் இருப்பவரும் ஏழையாயின் என் செய்வது? வாடகையை உயர்த்தி வருவாயைக் காத்து, அவ்வருவாயிலிருந்தே அவ்வேழைக்கு வெளிப்படையாக உதவுவது நேரிய வழியாகத் தோன்றுகிறது. இரு கடமைகளையும் ஒன்றையொன்று விழுங்காமல் காப்பதே மதீனா காட்டிய பாதை.

இவ்வரலாற்றின் சான்றுகள் அரசு ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. பழைய பெட்டிகளில் மடித்து வைத்த வாடகைச் சீட்டுகள், மாடி முகவரியிட்ட கடித உறைகள், பணவிடைத் துண்டுகள் ஆகியவற்றிலும் உள்ளன. வீடு இடிக்கப்படும்போதும் பெட்டி ஒழிக்கப்படும்போதும் அவை குப்பைக்குச் செல்கின்றன. பாட்டன் எந்தத் தெருவின் எந்த மாடியில் பாய் விரித்தார் என்பதை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர் கொடுத்த குடிக்கூலியின் மேல்தான் நம் வீடுகளின் கூரைகள் நிற்கின்றன.