உஷ்ணரேகை

ஸ்காட்லாந்து தேசத்தில் டண்டீ நகரத்துக்கு அருகேயுள்ள லிஃப் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த தந்தை 1772-ம் ஆண்டில் காலமாகிவிட, குடும்ப பாரத்தையும் உடன்பிறந்தோரின் கல்வியையும் தம் தோளில் ஏற்றுக்கொண்ட ஜான் பிளேஃபேர் என்ற மூத்த சகோதரர், தம் தம்பி வில்லியமுக்கு ஒரு சிறு வேலையை இட்டார். உஷ்ணமானியைப் பார்த்து, அது காட்டும் ஏற்ற இறக்கங்களை, அளவு பிரித்த தாளில் கோடுகளாகக் குறித்துவர வேண்டும் என்பதே அந்த வேலை. எண்ணால் சொல்லத்தக்கது எதுவாயினும் அதைக் கோட்டாலும் சொல்லலாம் என்ற பாடத்தை அப்போதுதான் அண்ணனிடம் கற்றதாக, தம்பி பின்னாளில் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். அண்ணன் எடின்பரோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர் ஆனார். தம்பியோ ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராகச் சேர்ந்து, பல தொழில்களில் புகுந்து புறப்பட்டு, 1786-ல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளை நாற்பத்து நான்கு படங்களாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். காலத்தைக் கிடையாகவும் அளவைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு தேசத்தின் வாணிகத்தைக் கோடாக ஓடவிட்ட அந்த நூலையே இன்றைய வரைபடக் கலையின் மூலக் கிரந்தமாகச் சரித்திரக்காரர்கள் போற்றுகிறார்கள். பவுன் கணக்கு அந்தத் தாளில் ஏறுவதற்கு முன்னால் அதில் ஏறியது ஒரு சிற்றூரின் குளிரும் வெயிலுந்தான் என்பது எனக்கு எப்போதும் மனத்தை நெகிழ்விக்கும் செய்தியாக இருக்கிறது.

பிளேஃபேருக்கு முன்னோர் இல்லாமலில்லை. ஆக்ஸ்போர்டு நகரத்தில் ராபர்ட் பிளாட் என்பவர் 1684-ம் வருஷம் முழுவதும் பாரமானியின் பாதரசம் ஏறியதையும் இறங்கியதையும் நாள்தோறும் குறித்து, அவற்றைக் கோடாகவே அச்சிட்டார். ஆயினும் உஷ்ணரேகையின் உண்மையான ஆசான் என்று நான் கருதுவது, 1728-ல் மூல்ஹவுஸ் நகரத்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டுத் தகப்பனாருக்குத் துணையாக ஊசி பிடித்து, இரவில் தானே படித்துப் பெரும் கணித மேதையான யோஹான் ஹைன்ரிஹ் லாம்பெர்ட் அவர்களையே. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1779-ல் வெளிவந்த உஷ்ண சாஸ்திர நூலில் ஓர் அபூர்வமான படம் இருக்கிறது. மண்ணுக்குள் வெவ்வேறு ஆழங்களில் உஷ்ணமானிகளைப் புதைத்து வருஷக்கணக்கில் எடுத்த அளவுகளை, ஆழத்துக்கு ஒரு கோடாக, ஒரே தாளில் அவர் ஓடவிட்டிருக்கிறார். மேல்மண்ணின் கோடு கோடையில் நன்றாக உயர்ந்து குளிர்காலத்தில் நன்றாகத் தாழ்கிறது. ஆழம் போகப் போக அலையின் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. அது மட்டுமன்றி, அலையின் உச்சியும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. வெயில் மண்ணுக்குள் நடந்து போகிறது, நடக்க நடக்கக் களைத்தும் போகிறது என்பதை அந்தப் படம் கண்ணெதிரே காட்டிவிடுகிறது.

மார்கழி விடியலில் கிணற்றில் வாளியை விட்டு இறைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதையும், சித்திரை மத்தியானத்தில் அதே தண்ணீர் உடம்பைச் சிலிர்க்க வைப்பதையும் நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லோரும் அறிவார்கள். வெளியிலே காற்று எவ்வளவு தாவினாலும் கிணற்றின் ஆழம் அதற்கெல்லாம் அசைந்துகொடுப்பதில்லை. லாம்பெர்ட்டின் படத்தில் அடியில் ஏறக்குறைய நேராக ஓடும் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவியும் கண்ணும் பிழை செய்யக்கூடியவை என்பதை உணர்ந்த லாம்பெர்ட், ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தொட்டுக் கோடு இழுக்காமல், புள்ளிக் கூட்டத்தின் நடுவே இணக்கமாகச் செல்லும் வளைவைத் தேடினார். புள்ளி வேறு, கோடு வேறு என்ற விவேகம் அவரிடம் தெளிவாக இருந்தது.

இத்தனை அழகிய வழி கண்டபின்னும் வானிலையைக் கவனித்தவர்கள் நெடுங்காலம் அட்டவணையையே கட்டிக்கொண்டிருந்தார்கள். படம் அச்சிட வேண்டுமானால் செப்புத்தகட்டில் செதுக்க வேண்டும். எண்ணையோ அச்சுக்கோப்பவர் அன்றாடக் கூலிக்கு அடுக்கிவிடுவார். அளவுமுறையிலேகூட ஒற்றுமை இல்லை. 1742-ல் ஸ்வீடன் தேசத்து செல்சியஸ் வகுத்த அளவில் தண்ணீர் கொதிக்கும் இடம் பூஜ்யமாகவும் உறையும் இடம் நூறாகவும் இருந்தன. அவர் காலத்துக்குப் பிறகு அது தலைகீழாகத் திருப்பப்பட்டிராவிட்டால் நம்முடைய படங்களிலெல்லாம் கோடைகாலம் பள்ளத்திலும் குளிர்காலம் மேட்டிலும் கிடந்திருக்கும்.

நம் சென்னப்பட்டணத்தின் கதையும் அட்டவணையில்தான் தொடங்குகிறது. வில்லியம் பெட்ரி என்னும் கும்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் சொந்தமாக வைத்திருந்த வானாராய்ச்சிக் கருவிகளை மூலதனமாகக் கொண்டு, மைக்கேல் டாப்பிங் வகுத்த திட்டப்படி, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. தொலைநோக்கியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்திய பெரிய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட பல மொழிச் சாசனங்களைத் தாங்கி, இன்றும் வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்தில் இருக்கிறது. நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காக ஏற்பட்ட இடத்தில், கோல்டிங்ஹாம் என்ற வானசாஸ்திரி 1796 முதல் வெயிலையும் மழையையும் ஒழுங்காகக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1899-ல் நட்சத்திர வேலை கோடைக்கானலுக்கு மலையேறிப் போயிற்று; வெயில் கணக்கு மட்டும் நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது.

அந்தக் கணக்கைக் கோடாக்கிப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. பல வருஷச் சராசரியை எடுத்துக்கொண்டு, மாதங்களைக் கிடையாக வைத்து, பகல் உச்சத்துக்கு ஒரு கோடும் இரவுத் தாழ்வுக்கு ஒரு கோடுமாக வரைந்தால், தை மாதத்தில் 29, 30 டிகிரியில் நிற்கும் மேற்கோடு மாசி, பங்குனி என்று ஏறி, மே மாதத்தில் ஏறக்குறைய 37 டிகிரிக்குப் போய், பின்பு ஐரோப்பியப் படங்களிற்போல இருபுறமும் சமமாகச் சரியாமல், ஆனி ஆடி ஆவணி என்று சோம்பலாக இறங்கி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொட்டவுடன் சட்டென்று கீழே வருகிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளி அடைமழைக் காலத்தில்தான் மிகவும் ஒடுங்குகிறது. மேகம் பகலில் வெயிலையும் இரவில் மண்ணின் சூட்டையும் மறித்துக்கொள்வதே காரணம்.

அந்த மேற்கோட்டின் சிகரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், சூரியன் கிருத்திகை நட்சத்திரத்தை ஒட்டிச் செல்லும் நாட்களை அக்கினி நட்சத்திரம் என்றும் கத்திரி வெயில் என்றும் குறித்துவைத்த நம் பஞ்சாங்கக்காரர்களின் நாட்களிலும், அதற்கு அடுத்த சில நாட்களிலுமாக நிற்கிறது. கருவி கையில் இல்லாத காலத்தில் தோலாலும் நினைவாலும் கண்ட கணக்கு அது. அந்த வானாராய்ச்சி நிலையத்திலேயே உதவியாளராக இருந்து 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர். பஞ்சாங்கத்தைக் கண்கண்ட கணிதத்தோடு பொருத்தத் தம் ஆயுளைச் செலவிட்டவர். இரண்டு ஞானங்களும் பகையல்ல என்பதற்கு அவர் ஒருவரே போதும். ஆனால் சராசரி எல்லா வருஷத்துக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. 2003-ம் வருஷம் கத்திரி விடைபெற்றுக்கொண்ட பின்னர், மே 31-ம் தேதியன்றுதான் சென்னையில் 45 டிகிரி பதிவாயிற்று.

புள்ளி வைக்கும் கை இல்லாமலே கோடு தானாக எழுதப்படும் காலமும் வந்தது. வெயிலும் மழையும் நேரே படாதபடி நாற்புறமும் சாய்வான பலகைச் சட்டங்கள் அடித்த வெள்ளைப் பெட்டி ஒன்றைத் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் 1864-ல் வகுத்துக் கொடுத்தார். அத்தகைய பெட்டிக்குள் வைக்கும் தன்னெழுத்துக் கருவியை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே கடிகாரம் ஓடும் ஒரு பித்தளை உருளை. அதன்மேல் சுற்றிய, வாரத்துக்கு ஒரு முறை மாற்றும் தாள். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த வளைந்த பட்டை சூட்டில் நெகிழ்ந்து குளிரில் சுருங்க, அதனோடு இணைந்த நீண்ட கம்பியின் நுனியில், கிளிசரின் கலந்ததனால் எளிதில் உலராத ஊதா மையைச் சுமந்த சின்னஞ்சிறு முள். கம்பி ஒரு முனையில் மாட்டப்பட்டு ஊசலாடுவதால் தாளின் நேரக்கோடுகள்கூட நேராக இல்லாமல் வில்லாகவே அச்சிடப்பட்டிருக்கும். சென்னையில் மே மாதத்து நாள் ஒன்றை அந்தத் தாளில் பார்க்க வேண்டும். சூரியோதயத்தை ஒட்டித் தாழ்ந்திருந்த கோடு காலை முழுவதும் மூச்சு விடாமல் ஏறுகிறது. நடுப்பகலை நெருங்கும்போது இன்னும் ஏறும் என்று நாம் எண்ணுகிற இடத்தில், கத்தியால் சீவியதுபோல் மளமளவென்று இறங்குகிறது. அதுதான் கடற்காற்று வந்த நிமிஷம். மேல்காற்று வலுத்து அதை மறித்துவிட்ட நாளில் அந்த வெட்டைப் பிற்பகலில்தான் காணலாம். அதுவரை ஊர் வெந்துகொண்டிருக்கும்.

ஆஸ்பத்திரியிலும் இந்தக் கோடு புகுந்தது. லைப்சிக் நகரத்து வுண்டர்லிஹ் 1868-ல் வெளியிட்ட நூலுக்குப் பின், ஜுரக் கோட்டைப் பார்த்தே நோயைப் பிரித்தறியும் வழக்கம் வைத்தியர்களிடையே பரவியது. நாள் விட்டு நாள் எழும்பும் முறைக்காய்ச்சல் கட்டிலின் தலைமாட்டுத் தாளிலேயே தன் முகத்தைக் காட்டிவிடும்.

படிப்பவர் ஏமாறும் இடங்களும் உண்டு. காலை 8.30 மணிக்கு உச்ச உஷ்ணமானியில் பார்த்த அளவு முந்தின நாள் பிற்பகலுக்குரியது. அதை அன்றைய தேதியில் வைத்தால் கோடு முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும். உஷ்ணமானியைத் தாழ்வாரத்திலிருந்து மைதானத்துப் பெட்டிக்கு மாற்றினால் கோட்டில் ஒரு படி விழும். காலநிலை மாறிற்று என்று அதை எண்ணிவிடக்கூடாது. செங்குத்து அளவை இருபதிலிருந்து தொடங்கினால் சின்ன மேடும் மலையாகத் தெரியும்.

நான் முதன்முதலில் வரைந்த உஷ்ணரேகை, பள்ளிப் பருவத்தில் ஒரு கோடை விடுமுறையில், வீட்டுத் திண்ணையில் மாட்டிய மர உஷ்ணமானியைக் கொண்டு கட்டம் போட்ட நோட்டில் வரைந்தது. நடுவிலே ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்ததும், போன நாளின் புள்ளியையும் வந்த நாளின் புள்ளியையும் அளவுகோல் வைத்து ஒரே கோடாக இணைத்துவிட்டுப் பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். எழுத்து அதிகம் அறியாத அம்மா அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, நேராகப் போன இடத்தில் நிறுத்தினாள்.

"இது எந்தக் கிழமைடா?"

"வியாழன், வெள்ளி, சனி அம்மா."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை மழை கொட்டித் தீர்த்ததே! மாடியில காயவெச்ச வடாம் அத்தனையும் கரைஞ்சு போச்சு. ராத்திரி போர்வை தேடினோம். உன் படத்துல அன்னிக்கும் அதே வெயில் அடிக்கிறதே?"

ரப்பரை எடுத்து அந்த மூன்று நாளின் கோட்டை அழித்தேன். வெறுமையாக விட்ட இடத்தில், வெள்ளிக்கிழமைக்கு நேராக, பென்சிலால் 'மழை' என்று எழுதிவைத்தேன்.