கவர்னர் வீட்டுக் கதவு

சவுக்கடி, அபராதம், சிறை. 1716-ல் புதுச்சேரியின் தலைமைத் தரகர் நைனியப்பிள்ளைக்குக் கிடைத்த பரிசு இது. நேற்றுவரை பிரெஞ்சுக் கம்பெனியின் வியாபாரம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. கவர்னர் எபேருக்கும் பாதிரிமார்களுக்கும் அவரைப் பிடிக்காமல் போனது. அவ்வளவுதான். 1717-ல் சிறையிலேயே செத்துப்போனார்.

அவரை நம்பிச் சென்னை பெரம்பூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்த மைத்துனர் திருவேங்கடம்பிள்ளைக்கு ஒரு மகன். அப்போது ஏழெட்டு வயது. பெயர் ஆனந்தரங்கம்.

பெரிய மனுஷன் தயவு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைப் பையன் வீட்டிலேயே பார்த்துவிட்டான். நைனியப்பிள்ளையின் மகன் குருவப்பிள்ளை நியாயம் கேட்டுப் பாரீசுக்கே போனார். ஞானஸ்நானம் பெற்றார், செவாலியே பட்டத்தோடு திரும்பினார், அதே பதவியில் உட்கார்ந்தார். 1724-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்தவர் கனகராய முதலி. கிறிஸ்தவர். பதவி குடும்பத்தை விட்டுக் கைமாறியது.

ஆனந்தரங்கம் என்ன செய்தார்? மதம் மாறவில்லை, கூழைக்கும்பிடு மட்டும் போட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. பரங்கிப்பேட்டையில் கம்பெனி வியாபாரத்தைக் கவனித்தார். ஆற்காடு பக்கம் கடை போட்டார். துணி, பாக்கு என்று சொந்த வியாபாரம். ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பல் வேறு! கடை இருக்கும் ஊரில் குமாஸ்தா இருப்பான். குமாஸ்தா இருந்தால் கடிதம் வரும். நவாப் தர்பாரில் யாருக்கு ஏறுமுகம், எந்தப் படை எங்கே கிளம்புகிறது என்கிற சேதியெல்லாம் பாக்கு மூட்டையின் விலையோடு சேர்ந்தே வந்து இறங்கும். கவர்னருக்கு அது கசக்குமா என்ன? தமிழ், தெலுங்கு, பிரெஞ்சு என்று பல பாஷை தெரிந்த ஆள் அதை வாய்விட்டுச் சொன்னால் இன்னும் இனிக்கும்.

1736 செப்டம்பரில் இன்னொரு வேலையையும் ஆரம்பித்தார். தினப்படி சேதிக்குறிப்பு. கவர்னர் என்ன சொன்னார், யார் யாருக்கு என்ன நஜர் கொடுத்தார்கள், யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு மரியாதை... எல்லாவற்றையும் எழுதி வைத்தார். இன்றைக்கு வரலாற்று ஆய்வாளர்கள் கொண்டாடும் பொக்கிஷம். எனக்கென்னவோ அது பேரேடு போலத்தான் தெரிகிறது. பி.காம். படித்தவன் புத்தி!

இந்தத் தொடர்பு விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1740-ல் மராட்டியர்கள் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். அவர் குடும்பமும் மருமகன் சந்தா சாகிப்பின் குடும்பமும் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தன. ஒப்படைக்கச் சொல்லி மிரட்டினார்கள். கவர்னர் துய்மா மசியவில்லை. 1741-ல் சந்தா சாகிப்பே மராட்டியரிடம் கைதியானார். 1748-ல் விடுதலையாகி வந்தவர் யார் பக்கம் நிற்பார், சொல்லுங்கள்!

1742-ல் டூப்ளே கவர்னரானார். 1746 பிப்ரவரியில் கனகராய முதலி இறந்தார். பதவி காலி. ஆனால் ரங்கப்பிள்ளைக்கு உடனே கொடுத்துவிடவில்லை. கிறிஸ்தவர்தான் வரவேண்டும் என்று பாதிரிமார் நெருக்கினார்கள். டூப்ளேயின் மனைவி ழானோ வேறு ஆட்களுக்காகக் காய் நகர்த்தினார். புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். அந்த அம்மாளுக்குத் தனியே ஒற்றர்கள் உண்டு, ராஜாக்களோடு தனியே கடிதப் போக்குவரத்து உண்டு. ரங்கப்பிள்ளையின் சரக்கு எதுவோ அதுவேதான் அவருடைய சரக்கும். பிறகு முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? குறிப்பு நெடுகப் புலம்பல்தான்.

ஆனாலும் 1747-ல் பதவி பிள்ளைக்கே வந்தது. ஆற்காட்டுச் சேதி தெரிந்தவரை விட்டுவிட டூப்ளேவுக்கு மனசில்லை. பிறகென்ன, பல்லக்கு, மேளதாளம், புகழ்ந்து பாடப் புலவர்கள். நிஜாம் பட்டத்துக்கு வந்த முசாபர் ஜங், மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்று கௌரவித்தார்.

1754-ல் பாரீஸ் டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கவர்னர் மாளிகைக்குப் புது ஆள் வந்தாயிற்று. 1756-ல் ரங்கப்பிள்ளையின் பதவியும் போனது. மாமன் நைனியப்பிள்ளைபோல் சிறையில் சாகவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். உடம்பு முடியாமல் கிடந்தபோதும் குறிப்பு எழுதுவதை விடவில்லை. வெளியே ஆங்கிலேயரின் முற்றுகை, ஊருக்குள் பஞ்சம். 1761 ஜனவரியில் கண்ணை மூடினார். சில நாட்கள்தான், 16-ம் தேதி புதுச்சேரி சரணடைந்தது.